கீரிக்கா, அட்டைக்கா... பிஸ்டல் வாங்கப் போன கதை

கடைக்குள் நுழைந்ததும் முதலில் அடித்தது எண்ணெய் வாசனை. தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய் மாதிரிதான்... ஆனால் அதோடு இரும்பும் தோல் உறையும் கலந்த ஒரு நெடி.

சேலத்தில் ஒரு துப்பாக்கிக் கடை. எண்பதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

போனது மூன்று பேர். நான், என் கணவர், என் மாமியார்.

மாமியார் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எனக்குப் பிறந்த ஊர் கெங்கவல்லிப் பக்கம். சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி காலேஜ் படித்தபோது என்.சி.சி.யில் ரைபிள் சுட்டிருக்கிறேன். நன்றாகவே சுடுவேன். எருமப்பட்டிப் பக்கம் வாழ வந்த பிறகு தோட்டம், கோழிப்பண்ணை, சமையல்... துப்பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்போதுதான் ஒரு கல்யாணத்தில் பழைய தோழியைப் பார்த்தேன். சேலத்து கிளப் ஒன்றில் பெண்களுக்கு ஏர் பிஸ்டல் போட்டி வைக்கிறார்களாம், வெடிமருந்து இல்லாமல் காற்று விசையில் சுடுவது. பிஸ்டல் மட்டும் நாமே கொண்டுபோக வேண்டுமாம்.

பயந்துகொண்டேதான் கணவரிடம் கேட்டேன். அவருக்குச் சம்மதம். அத்தைக்கும் (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) சம்மதம். ஆனால் அவர் கணக்கு வேறு.

"பண்ணைக்குள்ள கீரி பூந்து குஞ்சத் தூக்கிட்டுப் போவுது. நல்லதா ஒண்ணு வாங்குங்க. அதுக்கும் ஆவும், இவ வெளையாட்டுக்கும் ஆவும்."

சொன்னதோடு நிற்காமல், நாங்கள் எதையாவது வாங்கி வந்துவிடப் போகிறோம் என்று கூடவே பஸ் ஏறிவிட்டார்.

கடைக்காரர் கண்ணாடி மேஜைமேல் இரண்டு பிஸ்டல்களை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு, நீளம், மரப்பிடி, பார்க்கவே கம்பீரம். இன்னொன்று சின்னது. பொம்மைக் கடையில் தொங்குவது மாதிரி இருந்தது. சுடப்போவது நான். அவர் பேசியதெல்லாம் என் கணவரிடம்.

"ரெண்டுக்குமே லைசென்ஸ் வேண்டாமுங்க. பெருசு நல்ல வேகமாப் போவும். சின்னது புதுசாப் பழகறவங்க அட்டையில சுடறதுக்குங்க."

அத்தை சின்னதைத் தொடவே இல்லை. "பெருசையே கட்டிக் குடுங்க" என்றார்.

பெரியதை நான் கையில் எடுத்தபோதே தெரிந்துவிட்டது... முன்பக்கம் கீழே இழுத்தது. பிஸ்டலை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்துச் சுட வேண்டும். ஒவ்வொரு தடவையும் குழலை மடக்கி, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை இறுக்கி, ஈயக் குண்டு போட வேண்டும். போட்டி என்றால் இதையே திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். கை ஓய்ந்துபோனால் குறியாவது ஒன்றாவது.

ஆனால் இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? நான் வீட்டுக்குப் புதுசு. கடைக்காரர் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சுட்டுப் பாத்துட்டு வாங்கலாங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

கடைக்குப் பின்னால் மதிலோரம் ஒரு பெட்டி நிறைய மணல். அதன் முன்னால், நடுவில் கறுப்பு வட்டம் போட்ட அட்டையை மாட்டினார்கள்.

முதலில் என் கணவர், பெரியதை வைத்து. முதல் குண்டு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்தது ஓரத்தில். அதற்குப் பிறகு குழலை மடக்குவதற்கே அவர் மூச்சுப் பிடிக்க வேண்டியிருந்தது. கடைசிக் குண்டு அட்டையிலேயே படவில்லை.

"ஏன் சாமி, கை இப்பிடி நடுங்குது? இங்க குடு."

அத்தை வாங்கிக்கொண்டார். தோட்ட வேலையில் உரமேறிய கை. அவர் குழலை மடக்கிய வேகத்தைப் பார்த்துக் கடைக்காரரே அசந்துவிட்டார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சுட்டார். மணல். மறுபடியும் மணல்.

"முன்னால முன்னால இழுக்குதே, சனியன்... அந்தச் சின்னத எடு கண்ணு."

சின்னதில் முதல் குண்டே அட்டையில் பட்டது. அடுத்தது கறுப்பைத் தொட்டது. அத்தை பிஸ்டலை என்னிடம் நீட்டினார்.

நான் அவசரப்படாமல் சுட்டேன். காலேஜ் நாட்களின் மூச்சுக் கட்டுப்பாடு தானாகவே திரும்பி வந்தது. முடித்தபோது நான் போட்ட ஓட்டைகள் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கறுப்புக்குள் இருந்தன.

அத்தை கிட்டே போய் அந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் கேட்டார்.

"இது கீரிய அடிக்குமுங்களா?"

"அடிக்காதுங்கம்மா. அட்டைக்கு மட்டுந்தான்."

அத்தை அந்த அட்டையை இன்னொரு தடவை பார்த்தார்.

"செரி, கீரிக்கு வலை கட்டிக்கலாம். இதையே குடுங்க."

பண்ணையில் தீவன ஷெட்டுக்குப் பின்னால் சாக்கு மூட்டைகளை அடுக்கி, மத்தியான நேரங்களில் பழகினேன். "நானும் ரெண்டு சுட்டுக்கறேன்" என்று அத்தையும் வந்துவிடுவார். ரெண்டு என்பார், டப்பாவில் பாதிக் குண்டு தீர்ந்துவிடும்.

போட்டியில் நான்காவதாக வந்தேன். பரிசு மூன்று பேருக்குத்தான். பஸ்ஸில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். "அடுத்த வருசம் பாத்துக்கலாம், உடு" என்றார் அத்தை. அடுத்த வருடம் என் மகள் கைக்குழந்தை. அதற்கடுத்து கிளப்பில் அந்தப் போட்டியே நடக்கவில்லை. பிஸ்டலின் ஸ்பிரிங் தளர்ந்தது, மாற்று ஸ்பிரிங் எங்கேயும் கிடைக்கவில்லை... அவ்வளவுதான்.

இப்போது நாமக்கல்லில் இருக்கிறோம். அத்தை போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. போன மாதம் பக்கத்து வீட்டுக் காலேஜ் பெண் ஏர் பிஸ்டல் வாங்கினாள். எடை எவ்வளவு, டிரிக்கர் எப்படி, எல்லாம் போனிலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இது ஓகேவா ஆன்ட்டி?" என்று என்னிடம் காட்டினாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. பார்சல் வந்தது. அவள் அம்மா சமையலறையிலிருந்தே "வந்திருச்சா?" என்று கேட்டதோடு சரி.

யாரிடமும் போய்க் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. நல்லதுதான். அன்று எனக்கு அது வாய்த்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்...

ஆனாலும் சாயங்காலம் அவள் மொட்டை மாடியில் அட்டையை மாட்டித் தனியாகச் சுடுவதைப் பார்க்கிறபோது, பக்கத்தில் "அடுத்தது நானு" என்று முறைக்கு நிற்க ஒரு ஆள் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.