கறையான் குடைந்த குழல்

சிவநேசத்துக்கு வாழ்க்கையில் வாய்த்தது ஒரே ஒரு சுரம்தான். ஊரில் பதினெட்டு வருடம் நாதஸ்வரக் கோஷ்டியில் ஒத்து ஊதினார். நாதஸ்வரக்காரர் ராகத்தில் பறந்து திரிய, பக்கத்தில் நின்று சுருதி அறுந்துபோகாமல் பிடித்துக்கொண்டிருப்பது அவர் வேலை. கன்னத்தில் தேக்கிய காற்றைத் தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சிழுக்கிற வித்தை லேசானதில்லை. நம் சனம் என்ன செய்தது? எதற்கும் தலையாட்டுகிறவனுக்கு 'ஒத்து ஊதுகிறவன்' என்று பெயர் வைத்துவிட்டது.

மொன்ட்ரியாலுக்கு வந்தால் கோயிலில் அவர் இடத்தில் சுருதிப்பெட்டி உட்கார்ந்திருந்தது. டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குள் குப்பை பொறுக்கப் போனார்.

அங்கே கூட வேலை செய்த பேனாட் என்ற கியூபெக்காரன் ஒரு இசைக்குழுவும் வைத்திருந்தான். ஒருநாள் ஆளுயர மரக்குழல் ஒன்றைக் கொண்டுவந்தான். டிஜெரிடூ. வட ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் வாத்தியம், கறையான் உள்ளே தின்று குடைந்த யூகலிப்டஸ் மரம். இரண்டு வருடம் ஊதியும் பேனாட்டுக்கு மூச்சு இடையில் அறுந்தது. சிவநேசம் ஒரு கிழமை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"வீட்டுக்குள்ள ஆர் எருமையைக் கட்டினது?" என்று மனைவி புஷ்பவதி கத்தினாள்.

எட்டாம் நாள் கால் மணி நேரம் நிறுத்தாமல் ஊதிக் காட்டினார். பேனாட் வாயைப் பிளந்தான். ஞாயிறு மத்தியானக் கச்சேரியில் பத்து நிமிடம் தனியாக ஊதலாம் என்றான். தன் பெயரில் தனியாக ஒருமுறையாவது ஊதிவிட வேண்டுமென்பது சிவநேசத்தின் பல வருட ஆசை. அந்த வாத்தியத்தைப் பற்றி ஒழுங்காகப் படித்தும் பார்த்தார். அந்த மக்களின் சடங்குகளில் அது பாட்டுக்காரனுக்குத் துணையாக ஒலிப்பது என்று அறிந்ததும் அதன்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

பிறகு சுவரொட்டி வந்தது. அவருடைய படத்துக்குக் கீழே, 'ஆஸ்திரேலியப் பழங்குடிப் பூசாரி' என்று பிரெஞ்சில் போட்டிருந்தது.

"நான் யாழ்ப்பாணம்!" என்றார் சிவநேசம்.

"சனத்துக்கு என்ன தெரியும்? உன் முகம் பொருந்துகிறது. பேசாதே, ஊது, போதும்" என்றான் பேனாட்.

வீட்டில் வெடித்தார். "மற்றவன்ர அப்பன் ஆத்தையைக் களவெடுத்தே நான் மேடையேறுறது?"

"ஆர் கேக்கப்போகினம்? பேசாமல் ஊதிப்போட்டு வாங்கோவன்."

"நீயும் அவனுக்கு ஒத்து ஊதுறியோ?"

ஞாயிறன்று குழலோடு ஒலிவாங்கி முன்னால் நின்றார். உண்மையைச் சொல்லிவிட்டு ஊதுவதென்று முடிவு. பிரெஞ்சில் பாடமாக்கி வந்த நாலு வசனமும் சனத்தைக் கண்டதும் ஓடிப்போயின. வாயில் வந்தது தமிழ்தான்.

"நான் சிவநேசம். யாழ்ப்பாணத்து ஆள். டோர்வலில பிளேன் துடைக்கிறன். இந்தக் குழலுக்குச் சொந்தக்காரர் வேற ஆக்கள்."

பேனாட் ஒலிவாங்கியைப் பிடுங்கினான். "முன்னோர்களின் ஆவிகள் உங்களை ஆசீர்வதிப்பதாகச் சொல்கிறார்!"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பிரெஞ்சு பேச வராவிட்டாலும் சிவநேசத்துக்குக் கேட்டால் விளங்கும். குழலைப் பேனாட்டின் கையில் திணித்துவிட்டு இறங்கி நடந்தார்.

மெட்ரோ வாசலில் புஷ்பவதியின் அழைப்பு வந்தது. "ஊதினீங்களோ?"

"இல்லை."

"ஏனப்பா? அவங்கள் கூப்பிடேல்லையோ?"

"கூப்பிட்டவங்கள். என்னை இல்லை."