ஐந்நூற்றுப் பன்னிரண்டு எழுத்துகள்

போன வாரம் மகள் என் கைபேசியை வாங்கி எதையோ தேடிக்கொண்டிருந்தவள், விரல் தவறி நாற்பது ஐம்பது படங்களை அழித்துவிட்டாள். நான் பதறிப்போனேன். அவளுக்குச் சிரிப்பு. "ஒன்னும் போகாதும்மா. முப்பது நாள் அப்படியே இருக்கும். வேணும்னா திருப்பி எடுத்துக்கலாம்." சொன்னபடி இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக் காட்டிவிட்டு எழுந்து போனாள். நான் மட்டும் அடுப்படியில் தேத்தண்ணி வற்றிக் கேத்தல் கருகும்வரை நின்றிருந்தேன். ஒன்னும் போகாது என்று ஒரு காலத்தில் நானும் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள்தான்.

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆபீசில் எனக்கு முதல் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணி, ஹட்டனில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவள் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. தோட்ட நிர்வாகியான துரை கொழும்பிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வரவழைத்திருந்தார். அதற்கு ஒதுக்கிய அறை, அதற்கு முன்னால் மருந்தடிக்கும் பம்புகளை வைத்திருந்த அறை. எத்தனை தடவை கழுவினாலும் அந்த வாடை போகவில்லை. இன்றைக்கும் எங்கேயாவது பூச்சிமருந்து அடித்தால் எனக்குக் கம்ப்யூட்டர் ஞாபகம்தான் வரும். சிரிக்காதீர்கள்.

அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கோயிலுக்குக் காலுறை போட்டுப் போவதில்லை, ஆபீசுக்குக் குளிருக்காக மேஸ் போட்டிருப்பேன். அதன் ஓட்டை வழியாக என் பெருவிரல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். திரையில் பச்சை எழுத்து மட்டுந்தான். எல்லாவற்றையும் பிளாப்பித் தட்டுகளில்தான் சேமிக்க வேண்டும். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, வளையக்கூடிய, கறுப்புத் தட்டுகள். எங்கள் ஊர்ப் பனிக்கு அவற்றில் பூஞ்சணம் பிடித்துவிடும். அதற்காக அவற்றை வைத்திருந்த அலுமாரிக்குள் ஒரு குண்டு பல்பு இரவு பகலாக எரிந்துகொண்டிருந்தது. குளிர்நாளில் அலுமாரிக் கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டிச் சூடு காய்ந்துகொள்வேன்.

கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போன சிங்கள இளைஞர் ஒரு தட்டை மறந்துவிட்டுப் போயிருந்தார். அதில் இரண்டு சின்னச் செயலிகள். ஒன்று, தட்டின் அட்டவணையைக் காட்டும். எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது என்ற விவரமெல்லாம் அதில் தெரியும். அதை வைத்து விளையாடும்போதுதான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். ஒரு கோப்பை அழித்தால் அது உண்மையில் அழிவதில்லை. அட்டவணையில் அதன் பெயரின் முதல் எழுத்து மட்டும் போய், அந்த இடத்தில் வால் முளைத்த வட்டம் மாதிரி ஒரு குறி வந்து நிற்கும். அவ்வளவுதான். உள்ளே இருப்பதெல்லாம் அப்படியே கிடக்கும், வேறு எதுவும் அதன் மேல் எழுதப்படாதவரை. முதல் எழுத்தைத் திருப்பிக் கொடுத்தால் கோப்பு எழுந்து வந்துவிடும்.

மற்றச் செயலி இன்னும் ஆழமானது. தட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்திருப்பார்கள். அதற்கு செக்டர் என்று பெயர். ஒரு பாத்தியில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு எழுத்துகள். அந்தச் செயலி ஒவ்வொரு பாத்தியையும் திறந்து காட்டும், இடப்பக்கம் எண்களாக, வலப்பக்கம் எழுத்துகளாக. விரும்பினால் எந்த எழுத்தையும் மாற்றி எழுதலாம். அழிந்த கோப்புகளை இப்படி இரண்டு மூன்று தரம் மீட்டுக் கொடுத்ததும் ஆபீசில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. பெரிய கிளாக்கர் நடராசா ஐயா மட்டும் மசியவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் கடதாசியில் பார்த்தால்தான் நம்புவார். "பிள்ளை, அழிஞ்சது அழிஞ்சதுதான். உந்தப் பெட்டிக்கு முன்னாலை நிண்டு வித்தை காட்டாதையும்" என்பார். "ஒன்னும் போகாதுங்க ஐயா" என்பேன் நான்.

பத்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். கணக்கில் என்னைவிடக் கெட்டி. அவளுடைய அம்மா படுக்கையில் விழுந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். பதினாறு வயதில் கொழுந்து பறிக்க வந்தாள், இருபதில் கலியாணம். கைக்குழந்தையோடு அவளை விட்டுவிட்டுப் புருஷன் கொழும்புக்குப் போனவன் திரும்பவே இல்லை. நான் ஆபீசுக்குப் போன முதல் நாளிலிருந்து அவள் என்னை "நீங்க" என்றாள். "என்னடி இது புதுசா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள். மறுபடி நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த மரியாதை எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

அவளுடைய மகள் டிலானிக்கு அப்போது இரண்டு வயதும் சில மாதங்களும். தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் புள்ளக்காம்பராவில்தான் பகல் முழுக்க இருப்பாள். ஆபீசுக்குக் கீழே, மலைச்சரிவோரம் ஒரு தகரக் கட்டடம். லெட்சுமி என்ற ஆயா பார்த்துக்கொண்டிருந்தாள். தடுப்பூசி போட வருகிறார்கள் என்று பிள்ளைகளின் பட்டியல் ஒன்றை நான்தான் தட்டித் தந்திருந்தேன். ஆங்கிலப் பெரிய எழுத்தில், வரிக்கு ஒரு பிள்ளை. பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர், லயம், லயத்தில் அவர்கள் அறையான காம்பரா. அச்சடித்த ஒரே பிரதி அங்கே சுவரில் ஒட்டியிருந்தது. கிளினிக் கார்டுகளை ஆயா ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியான நேரம், சாப்பாட்டு இடைவேளையில், கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் தட்டினேன். திருட்டுத்தனமாகத்தான். சேமிக்கப் போனால் தட்டில் இடமில்லை என்றது. புதுத் தட்டு வேண்டுமென்றால் நடராசா ஐயாவிடம் காரணம் சொல்ல வேண்டும். கண்ணில் முதலில் பட்ட கோப்பை அழித்தேன், பிள்ளைகள் பட்டியல். அச்சடித்தாயிற்றே, இனி எதற்கு? கடிதத்தைச் சேமித்து, அச்சடித்து, மறுநாள் தபாலில் போட்டேன்.

பத்துப் பதினொரு நாள் போயிருக்கும். விடாமல் மூன்று நாள் மழை. மூன்றாம் நாள் காலை, பத்து மணித் தேத்தண்ணி வந்த நேரம், லொறியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். சன்னலால் பார்த்தேன். கீழே தகரக் கூரை இல்லை. சிவப்பு மண் மட்டும் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் மலையிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். கூடையைக் கழற்றக்கூடத் தோன்றாமல், முதுகில் கொழுந்தோடு மண்ணைக் கையால் தோண்டினார்கள். கொழுந்து சிந்திச் சிந்தி அந்த மண்ணெல்லாம் பச்சையாகக் கிடந்தது.

மழைக்குப் பயந்து பல பேர் அன்றைக்குப் பிள்ளைகளை விடவில்லை. உள்ளே இருந்தது நான்கு பிள்ளைகளும் ஆயாவும். சாயங்காலத்துக்குள் மூன்று பிள்ளைகளையும் ஆயாவையும் எடுத்தார்கள். டிலானி கிடைக்கவில்லை. ஆறு நாள் தேடினார்கள். மண்ணோடு கீழே ஆற்றுக்குப் போயிருக்கும் என்று ஏழாம் நாள் நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வாரம் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் பிறப்புப் பத்திரம் இருந்தது. டிலானிக்கு இல்லை. லயத்திலேயே பிறந்தவள். பதிய டவுனுக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும். எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கும் பேர் என்றுதான் சொல்வார்கள். நாளைக்கு, அடுத்த மாசம் என்று பத்மா தள்ளிப்போட்டுவிட்டாள். சுவரில் ஒட்டிய பட்டியலும் ஆயாவின் பிஸ்கட் டின்னும் மண்ணோடு போயிருந்தன. உடலும் இல்லை, பத்திரமும் இல்லை என்றால் இறப்பை எதை வைத்து எழுதுவது என்று அதிகாரி கேட்டார். இந்தச் சம்பவத்துக்கு முன்பே தோட்டத்தில் எழுதிவைத்த ஏதாவது ஒன்று, பெரிய கிளாக்கர் கையெழுத்தோடு இருந்தால் போதும் என்றார்.

பத்மா சுவரோரம் நின்றாள். "பாத்தவங்க எத்தன பேரு இருக்காங்க, கேளுங்க சார். எல்லாரும் தூக்கி வச்சிருக்காங்க எம் புள்ளய" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் சொன்னேன், எல்லாரும் கேட்க: "கம்ப்யூட்டர்ல இருக்கு. எடுத்துத் தாறேன்."

அவளையும் கூட்டிக்கொண்டு அறைக்குள் போனேன். தட்டைப் போட்டு அட்டவணையைத் திறந்தேன். வால் முளைத்த வட்டத்தோடு பட்டியல் கிடந்தது. முதல் எழுத்தைக் கொடுத்தேன். முடியாது என்றது. கோப்பு தொடங்கும் இடத்தில் வேறொன்று இருக்கிறதாம். அடுத்த செயலியை எடுத்துப் பாத்தி பாத்தியாகப் போனேன். அந்த முதல் பாத்தி திறந்தது. வலப்பக்கத்தில் என் கடிதம். மதிப்புக்குரிய ஐயா, பணிவுடன் விண்ணப்பித்துக்கொள்கிறேன், இப்படிக்குக் கீழ்ப்படிவுள்ள இன்னார் என்று என் பெயர்வரை, முழுசாக ஒரு பாத்தியை அடைத்துக்கொண்டு நின்றது. அடுத்த பாத்தியைத் திறந்தேன். ஒரு வரியின் நடுவிலிருந்து தொடங்கியது. பத்மா என்ற பெயரின் கடைசி இரண்டு எழுத்து, லயம் நான்கு, காம்பரா ஏழு. அதற்குக் கீழே மற்றப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக, ஒரு குறையுமில்லாமல் இருந்தார்கள்.

"இருக்கா?" என்றாள் பத்மா.

"மத்தவங்க இருக்காங்க. டிலானி பேரு இருந்த எடத்துல... நான் என் கடிதாசிய எழுதிட்டேன் பத்மா. தெரியாம."

"என்னா கடிதாசி?"

"வேலைக்கு. கொழும்புக்கு."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்திருந்தது. நகக் கண்ணில் இன்னும் சிவப்பு மண். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"போகப் போறியா?" என்றாள்.

நான் ஆபீசுக்குப் போனபிறகு முதல் தடவையாக "நீ".

"தெரியல."

"போ. புள்ள பேர எழுதிக் குடுத்துட்டுப் போ."

நான் எழுதினேன். என் கடிதத்தின் மேலேயே, ஒவ்வோர் எழுத்தாக. பிறந்த நாள் கேட்டேன். கார்த்திகை விளக்கு ஏத்தின மறுநாள் என்றாள். பழைய கலண்டரைப் பார்த்துத் தேதி கண்டுபிடித்தோம். டிலானிக்கு மேலே போயிருந்த ஏழு பிள்ளைகளின் வரிகளையும் அவளே சொல்லச் சொல்ல எழுதினேன். எல்லாப் பிள்ளைகளும் அவளுக்கு மனப்பாடம். எழுதலாமா என்று செயலி கடைசியாக ஒரு தரம் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். கடிதம் போய்விட்டது.

அச்சடித்த தாளை நடராசா ஐயாவிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"பிள்ளை, கீழை எல்லாம் பெரிய எழுத்திலை கிடக்கு. மேலை எட்டு வரி மட்டும் ஏன் சின்ன எழுத்து?"

அவசரத்தில் நான் கவனிக்கவே இல்லை. இல்லாததை எழுதினாயா என்று கேட்பார், அதிகாரியைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் தாளை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"வடிவாய் மாத்திக்கொண்டு வாரும். நான் இஞ்சைதான் இருக்கிறன்" என்றார்.

மாற்றிக் கொண்டுபோனேன். கையெழுத்து வைத்தார். மை காயும்வரை அதன் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் எனக்கும் இடையில் அதைப் பற்றி ஒரு பேச்சும் பிறகு வந்ததில்லை.

இறப்புப் பத்திரம் வந்து சேர மாதக்கணக்கானது. பத்மா அதை வாங்கி என்னிடம் வாசிக்கச் சொன்னாள். பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். அந்தப் பிள்ளை பிறந்தது என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே கடதாசி, அது செத்தது என்ற கடதாசிதான்.

கொழும்பு வேலை எனக்குக் கிடைத்தது, அந்தக் கடிதத்தால்தான். போகிறதற்கு முதல் நாளே ஆபீசில் சொல்லிக்கொண்டேன். பத்மாவின் காம்பராவுக்குப் போகவில்லை. மலையில் இருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் புறப்பட்டது ஞாயிற்றுக்கிழமை.

பிறகு அவள் சவுதிக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். திரும்பி வந்து நோயில் செத்தாள் என்று, செத்து எட்டு மாதத்துக்குப் பிறகு, ஹட்டன் பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். நடராசா ஐயா ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போனார், அதோடு தகவல் இல்லை. நான்காம் லயத்தை உடைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் அறையில் இப்போது உரமூட்டைகள். அந்த அலுமாரியும் தட்டுகளும் என்ன ஆயின என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

போன வருஷம் ஒரு தரம் போனேன். மண் சரிந்த இடம் முழுக்கப் பைன் மரம் நட்டு வளர்த்திருக்கிறார்கள். கீழே ஒரு புல்கூட இல்லை, காய்ந்த ஊசி இலைதான். நான் அங்கேயே நிற்பதைப் பார்த்து, மலை வேலையை மேற்பார்க்கப் புதிதாகச் சேர்ந்திருந்த கண்டக்டர் இறங்கி வந்தார்.

"யாரப் பாக்க வந்தீங்க மேடம்?"

"இந்த எடத்துல ஒரு புள்ளக்காம்பரா இருந்திச்சு."

அவர் மரங்களைப் பார்த்தார், பிறகு என்னை. "இங்கயா? இல்லீங்களே. நான் இந்தத் தோட்டத்துலதான் பொறந்தேன். எனக்குத் தெரிஞ்சு இங்க எப்பவும் காடுதான் மேடம்."

அவருடைய வயதைக் கேட்டேன். சொன்னார். டிலானியைவிட ஆறு வயது இளையவர்.