ஒரு குரோமோசோம் பிடி மாறிய பதினாலு நிமிஷம்

1. ஐந்தாவது தடவை

“அக்கா, முகீத்து, முடிஞ்சுது. எல்லாம் செத்துப்போச்சு.”

கன்னடமும் தமிழும் கலந்து ஆராய்ச்சி மாணவி ஷில்பா இப்படிச் சொன்னபோது, நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தின வருஷம் அது. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் மைக்ரோஸ்கோப் ரூம் என் பொறுப்பில் இருந்தது. காலையில் என் ஊரான ஊரிகத்தில் ரயில் ஏறி, சாயந்திரம் ஊரிகத்திலேயே இறங்கி, இருபத்தாறு வருஷம் அந்த வேலை பார்த்தேன்.

ஷில்பாவின் ஆராய்ச்சி இதுதான். ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால், தன் குரோமோசோம் ஒவ்வொன்றையும் நகலெடுத்து ஜோடி ஜோடியாக வைத்துக்கொள்ளும். செல்லின் இரண்டு முனையிலிருந்தும் மெல்லிய இழைகள் நீண்டு வரும். அவற்றை மைக்ரோட்யூப்யூல் என்போம். அந்த இழைகளின் மொத்த அமைப்பு ஸ்பிண்டில். ஜோடியில் ஒன்றை இந்த முனை இழை பிடிக்கணும், இன்னொன்றை எதிர்முனை இழை பிடிக்கணும். அப்போதுதான் பங்கு சரியாகப் போகும். சில சமயம் இரண்டையும் ஒரே முனை பிடித்துக்கொள்ளும். அந்தத் தப்பை உயிருள்ள செல் எப்படித் திருத்துகிறது என்று படம் பிடிக்க வேண்டும்.

எங்கள் செல்களோ பாதி வழியில் நின்று செத்துக்கொண்டிருந்தன. அது ஐந்தாவது தடவை.

ஷில்பாவின் ஆராய்ச்சி வழிகாட்டியான சார் வந்து பார்த்தார். “செல்லே சரியில்லமா. மாசக் கடைசியோட உன் ஃபெல்லோஷிப் முடியுது. இத விட்டுட்டு வேற எதையாவது எழுதி முடி.”

ஷில்பாவின் மூன்று வருஷ உழைப்பு.

2. ரயிலில்

படம் எடுப்பதற்கு முன்னும் பின்னும், செல் வளர்கிற டிஷ் முழுவதையும் ஒரு பெரிய போட்டோ எடுத்துவைப்பது என் பழக்கம். அதை யாரும் திறந்து பார்த்ததில்லை, நானும்தான். அன்றைக்கு மனசு கேட்காமல் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பங்காரப்பேட்டை வரும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திறந்தேன்.

நடுவில் ஒரு சதுரம். நாங்கள் லேசர் அடித்துப் படம் எடுத்த இடம் அது. அதற்குள் எல்லாம் பிணம். சதுரத்துக்கு வெளியே? காலையில் ஒன்றாக இருந்ததெல்லாம் சாயந்திரம் இரண்டாக இருந்தது. எங்கே பார்த்தாலும் இரண்டு இரண்டு.

“அய்யோ!” என்று கத்தியே விட்டேன்.

எதிர் சீட்டில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிற ஒரு பெண், தினமும் பார்க்கிற முகம், பதறிப்போனாள். “இன்னாக்கா ஆச்சு? யாருக்கு இன்னா?”

“செல் நல்லா இருக்குதுமா! செல்லு நல்லாத்தான் இருக்குது!”

அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “செல்லு நல்லா இருந்தா சந்தோசம்தானே? அதுக்கு ஏன்க்கா கத்தறீங்க?”

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஊரிகத்தில் இறங்கி நடக்கும்போதுதான் உறைத்தது. லேசர் அளவை வைத்தது நான். படம் பளிச்சென்று வரட்டும் என்று ஏற்றி வைத்தேன். வெளிச்சத்தாலேயே செல்களைக் கொன்றது நான்.

3. பதினாலு நிமிஷம்

மறுநாள் ஷில்பாவை வைத்துக்கொண்டே சொன்னேன். “சார், செல் மேல தப்பில்ல. தப்பு என்னுது.” போட்டோவைக் காட்டினேன். “லேசரைப் பத்துல ஒரு பங்காக் குறைக்கறேன்.”

“அப்புறம் படத்துல ஒண்ணுமே தெரியாதேம்மா” என்றார் சார்.

“ரெண்டு நாள் குடுங்க சார்.”

“ரெண்டே நாள்” என்றார். ஷில்பா என்னைத் திட்டவில்லை. “டிஷ் ரெடி பண்றேன் அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டாம் நாள் மத்தியானம். ஸ்கிரீனில் மணலைத் தூவிய மாதிரி மங்கலான படம். சிவப்பில் குரோமோசோம், பச்சையில் இழை. நிமிஷத்துக்கு ஒரு படம். ஒரு செல்லில் எல்லாக் குரோமோசோமும் நடுவில் வரிசை கட்டி நின்றன. ஒன்று மட்டும் இடது முனையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஜோடி இரண்டையும் அந்த ஒரே முனை பிடித்திருந்தது.

“அக்கா, இதுதான்!” ஷில்பா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஒன்றுக்காகச் செல் மொத்தமும் காத்திருந்தது. நான்காவது நிமிஷம் ஒரு பச்சை இழை விட்டது. ஜோடி லேசாகத் திரும்பியது. ஏழு, எட்டு, ஒன்றுமில்லை. ஒன்பதாவது நிமிஷம் வலது பக்கமிருந்து ஓர் இழை நீண்டு வந்து, தொடாமல் தாண்டிப் போனது. “அய்யோ, விட்டுடுச்சு!” என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினோம். பதினொன்றில் இன்னொரு இழை வந்தது. பிடித்தது! குரோமோசோம் ஆடி ஆடி நடுவுக்கு நகர்ந்து, பதினாலாவது நிமிஷம் வரிசையில் போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் எல்லா ஜோடியும் ஒரே சமயத்தில் பிரிந்து இரண்டு பக்கமும் ஓடின.

நாங்கள் போட்ட சத்தத்தில் சார் ஓடி வந்தார். மூன்று தடவை பார்த்தார். “ஒரு செல் போதாது” என்றார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “அடுத்த டிஷ்ஷ வைங்க, நானும் பாக்கறேன்” என்றார். மாசம் முடிவதற்குள், பிடி மாறுவது தெளிவாகத் தெரிகிற செல்கள் ஷில்பாவுக்குப் போதுமான அளவு கிடைத்துவிட்டன.

4. நந்திதுர்க்கில்

முதல் படம் கிடைத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, அதை போனில் போட்டுக்கொண்டு ஊரிகத்துக்குப் பக்கத்தில் நந்திதுர்க்கிலிருக்கும் என் அக்கா வசந்தா வீட்டுக்குப் போனேன். அவள் மகன் தேவாவுக்கு முப்பது வயசு. டவுன் சிண்ட்ரோம். அதாவது, செல்லுக்கு ஒரு குரோமோசோம் அதிகம். பேக்கரியில் பன் பாக்கெட் போடுகிறான். அவன் பிறந்தபோது, வயிற்றுப்பிள்ளையோடு கிரகணத்தில் வெளியே போனதால் வந்த வினை என்று புருஷன் வீட்டார் அக்காவைப் பேசாத பேச்சில்லை.

போனை அவள் கையில் கொடுத்து, ஒவ்வொரு இழையாகக் காட்டினேன்.

“கருமுட்டை உண்டாகும்போதும் இதே மாதிரி இழை புடிச்சுதான் பிரியணும்க்கா. ஒரு ஜோடி பிரியாம ஒரே பக்கம் போயிடுச்சுனா, ஒண்ணு அதிகமாயிடும். அவ்ளோதான்.”

“அப்ப, கெரகணம்?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீ ஒண்ணுமே பண்ணலக்கா.”

“திரும்பப் போடு” என்றாள். நாலு தடவை பார்த்தாள். தேவாவும் வந்து எட்டிப் பார்த்தான். எல்லாம் பிரிந்து ஓடுகிற இடத்தில் கைதட்டி, “இன்னொரு வாட்டி சித்தி!” என்றான்.

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தாள். “இத்தினி வருசமா உனக்கு இது தெரியுமாடி?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன்டி சொல்லல?”

அவள் கேட்டதே இல்லை என்று சொல்லலாம். ஆனால் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் அவள் எப்படிக் கேட்பாள்?

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நீங்கள் கற்றுக்கொண்டது யாருக்குத் தேவையென்று யோசியுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். போய்ச் சொல்லுங்கள்.