சுண்டுவிரலால் அகட்டிய வளைகோடு

மானிப்பாய் பஸ்ஸில் பரீட்சைப் புள்ளிகளின் பரவலைக் காட்டும் மணி வடிவ வளைகோட்டைப் போனில் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த குருநகர்க் கடற்றொழிலாளி எட்டிப் பார்த்தார்.

"உதிலை கம்பஸுக்கு எடுக்கிற இசட் ஸ்கோர் பாக்கலாமோ? மகள் ஏ.எல். சோதினை எழுதியிருக்கிறாள்."

மகளுக்குக் கிடைக்குமென்று அவர் நம்பிச் சொன்ன புள்ளியில், சராசரிக்கு மேலே, ஒரு கோடு போட்டு, போனைக் கொடுத்தேன். கயிறு இழுத்துக் காய்த்த பெருவிரலுக்குத் திரை அசையவில்லை. சுண்டுவிரலால் வளைகோட்டை ஒடுக்கினார். மகளின் புள்ளி மாறாமலே இசட் ஸ்கோர் ஏறியது.

"மற்றப் பிள்ளையள் நெருங்கி நிண்டால் இவள் உயருறாள், என்ன?"

"ஓம், அண்ணை. இவ்வளவு இருந்தால் கம்பஸ் அனுமதி நிச்சயம்."

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு வளைகோட்டைப் பழையபடி அகட்டிவிட்டுப் போனைத் தந்தார்.

"அவையள் தங்கடை இடத்திலை நிக்கட்டும்."

 அது வெறும் படம்தான் என்பது அவருக்குத் தெரியாதென்று நான் நினைக்கவில்லை.