பாடகி காணாமல் போன பாட்டுப்பெட்டி

ரெக்சின் சூடாகிற வாசனை. பேருந்தில் வெயில் பட்ட இருக்கையில் உட்காரும்போதெல்லாம் அது வருகிறது. வந்ததும் என் காதில் ஒரு பாட்டு தொடங்கிவிடுகிறது. வயலின் இருக்கிறது, தபேலா இருக்கிறது, பாடுகிறவள் மட்டும் இல்லை. மூக்கில் நுழைந்தது எப்படிக் காதுக்குப் போகிறதென்று தெரியவில்லை. அந்தப் புளிக்காலம் முழுக்கவே எனக்கு எதுவும் சரியாகத் தெரிந்ததில்லை.

பாலக்கோட்டிலிருந்து அக்கா, காரிமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கழுத்தில் தைராய்டு கட்டி எடுத்த தழும்பு. தொண்டை ஆறிவிட்டது, பேசப் பேசத்தான் குரல் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் பேசவில்லை. ஒருமுறை வாயைத் திறந்தபோது வந்த கரகரப்பில் அவளே பயந்துபோனாள். அதிலிருந்து சைகைதான். தக்காளி மண்டியில் கூடையை இறக்கும் முன்பே உரக்க விலை கேட்டு வியாபாரியை மடக்குகிறவள். அந்தக் குரல் இல்லாமல் மண்டியில் எப்படி நிற்பாள்? வீட்டில் யாரும் இதைக் கேட்கவில்லை. எல்லோரும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தோம்.

பேச்சில்லாத வீட்டில் பாட்டாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். மகளுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப், அவள் கோவைக்குப் படிக்கப் போனபின் அலமாரியில் கிடந்தது. பழைய பாட்டுகளை அதில் நிரப்பினேன். அதன் சொந்தக் குரலோ தகர டப்பாவுக்குள் ஈ. சத்தம் கூடுமென்று குண்டானுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஈ குண்டானுக்குள் போனது, அவ்வளவுதான். விசாரித்தால் ஆளுக்கொரு வழி. பாட்டுகளை இறக்கிய இடமே மட்டம் என்றார் ஒருவர். லேப்டாப்பைத் தூக்கிப் போடு என்றார் இன்னொருவர். புதுப்பெட்டி வாங்கத் தெம்பில்லை. கடைசியில் சந்தையில், பழைய சாமான் விரிப்பில், இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கரும் சின்ன ஆம்ப்ளிஃபயரும் ஒயரோடு கிடைத்தன.

அதற்குள் மனைவி லேப்டாப்புக்கு உறை தைத்து வந்திருந்தாள். எங்கள் வீட்டில் உறையில்லாமல் எதுவும் இருக்கக் கூடாது. மிக்சிக்கு உண்டு, கிரைண்டருக்கு உண்டு, டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் பை உண்டு. இது வண்டி சீட்டு தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்தது. தடித்த பச்சை ரெக்சின், ஒயர் சொருகும் இடங்களில் ஓட்டை. அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தன் ரவிக்கைக் கையைத் தொட்டுக் காட்டினாள்.

“லேப்டாப்புக்கு ஜாக்கெட்டானு கேக்கறாங்க பாருங்க உங்கக்கா. தூசி பட்டுப் போச்சுனா நீங்களா அண்ணி வாங்கித் தருவீங்க?”

அக்கா சிரித்தாள், சத்தமில்லாமல்.

ஓட்டை வழியாக ஸ்பீக்கர் ஒயரின் பின்னைச் சொருகிப் பாட்டைப் போட்டேன். வயலின் எழுந்தது. அறை நிரம்பியது. அட, இதுதான், இதற்குத்தான் என்று உடம்பு சிலிர்த்தது. பல்லவி வர வேண்டிய இடத்தில் யாரும் வரவில்லை. எங்கோ தூரத்தில், கிணற்றுக்குள் யாரோ பாடியதன் எதிரொலி மட்டும்.

“பாட்டுக்காரம்மா எங்கங்க?” என்றாள் மனைவி.

“வருவாங்க, இரு.”

“எப்ப? பஸ்ஸு கெடைக்கலயா அவங்களுக்கு?”

அடுத்த பாட்டிலும் ஆளில்லை. அதற்கடுத்ததிலும். எல்லாப் பாடகர்களும் சொல்லிவைத்தாற்போல எழுந்து போயிருந்தார்கள். பெட்டிகளை இடம் மாற்றினேன், லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். வாத்தியங்கள் இன்னும் அழகாயின. ஆள் வரவில்லை.

அக்கா மூலையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். கொட்டை தெறிக்கும் சத்தம் தாளத்தில் விழ ஆரம்பித்தது. அப்புறம், பாடகி வர வேண்டிய காலி இடத்தில் ஒரு கரகரப்பு. முதலில் பெட்டி கெட்டுவிட்டதென்று நினைத்தேன். மனைவி உதட்டில் விரலை வைத்தாள். அக்காதான். குனிந்த தலை நிமிராமல், தடித்த, இதுவரை நான் கேட்டேயிராத ஒரு குரலில், வார்த்தை வார்த்தையாக.

எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அப்போதுதான் அந்த ரெக்சின் வாசனை. லேப்டாப் கொதித்தது. சூட்டில் அணைந்துவிட்டால்? பதறி, பாட்டு நிற்காமல் உறையை மெல்ல உருவினேன். நழுவிய பின்னைப் பிடித்து அழுத்தினேன். டக்கென்று முழுதாக உள்ளே போனது. பாடகி வந்துவிட்டாள், முழுக்குரலில், தேன்போல.

அக்கா நிறுத்திவிட்டாள்.

“உங்கள யாருங்க இப்ப ரிப்பேர் பண்ணச் சொன்னது?” மனைவியின் கண்ணில் தண்ணீர் நின்றது.

உறையை மறுபடி மாட்டிச் சொருகினேன். பாடகி போய்விட்டாள். ரெக்சினின் தடிமன் பின்னை முழுதாக இறங்க விடவில்லை, அதுவரை புரிந்தது. பாதி சொருகினால் பாதிச் சத்தம்தானே வர வேண்டும்? பாடுகிறவளை மட்டும் அது எப்படிப் பொறுக்கி எடுத்தது? இன்றுவரை விளங்கவில்லை. நல்ல சத்தம் என்று நான் தேடியது எதுவென்பதும்.

மறுநாள் உறையோடே போட்டேன். “இன்னும் சரியாவலயா?” என்று மனைவி நடித்தாள். “ஆவல,” என்று நானும். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு புளியைப் பார்த்துக்கொண்டு பாடினாள். அந்த வாரத்திலேயே ஒருநாள் சாப்பாட்டில் கையை வைத்து, “கொழம்புல உப்பே இல்ல,” என்றாள். மனைவி உப்பு எடுக்க ஓடியவள் அடுப்படியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டாள்.

பாலக்கோட்டுப் பேருந்தில் ஏற்றிவிடப் போனேன்.

“மண்டிக்குப் போவியாக்கா?”

“போவாம? தக்காளி தானா நடந்து போயி வித்துக்குமா?”

பழைய குரல் இல்லை. ஆனால் இரண்டு இருக்கை தள்ளி இருந்தவர் திரும்பிப் பார்த்தார். வண்டி நகர்ந்தது. அவள் ஜன்னலில் தலையை நீட்டி, நிறுத்தம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

“டேய், அந்த ஜாக்கெட்ட மட்டும் கழட்டிப்புடாத. அடுத்தவாட்டி வூட்டுக்கு வந்தா எனக்கு வேணும்!”