ஒரு லிட்டர் தண்ணீர்

மூச்சுத் திணறலோடு வருகிறவரின் நெஞ்சில் ஜெல்லைத் தடவி, உள்ளே இருப்பது நீரா, சளியா, காற்றா என்று ஸ்கேனில் பார்ப்பது என் பிழைப்பு. கண்டுபிடிப்பது எளிது, சொல்வதுதான் பாடு. ஸ்கேன் சென்டர் பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்து இடுப்பொடிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அண்ணாச்சியின் கவலை

நாங்குநேரியிலிருந்து மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் வந்தார். நாலு படி ஏறினால் இரைக்கிறதாம். பார்த்தால், வலது நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்தது. ஊசி போட்டு எடுத்துப் பரிசோதித்தால்தான் காரணம் தெரியும் என்றேன். காசமோ, அதைவிட மோசமோ என்று எனக்குப் பயம். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மவளுக்கு மாப்ள பாக்கோம் டாக்டரம்மா, எனக்கு இப்படின்னு ஊருக்குத் தெரிஞ்சிரப்படாது."

ஃபோனில் சொன்னது

எங்கள் வரவேற்பில் இருக்கும் ஜெயா, யார் ஸ்கேன் என்று ஃபோன் செய்தாலும், ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லுவாள். வயிற்று ஸ்கேனுக்கு அது சரி, நெஞ்சுக்குத் தேவையே இல்லை. எந்த ஸ்கேன் என்று கேட்டுச் சொல்லம்மா என்று நானும் ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

அம்பாசமுத்திரத்து ஆசிரியர் ஒருவர். சிறுநீரகம் பழுதாகி, வாரம் இருமுறை டயாலிசிஸ். நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. மூச்சு முட்டுகிறது என்று அவருடைய டாக்டர் நெஞ்சு ஸ்கேனுக்கு அனுப்பியிருந்தார். மனைவி பிடித்துக்கொள்ள, உட்கார வைத்தே பார்த்தேன். இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை வெள்ளைக் கோடுகள். நுரையீரல் முழுக்க நீர் கோத்திருந்தது. இன்றைக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டேன். அந்த இரைப்பிலும் அவர் முகம் மலர்ந்தது.

"ஒங்க ஆபீஸ்லதான் குடிக்கச் சொன்னாவ... ஒரு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் வயிறு முட்டக் குடிச்சேன்."

ஆஸ்பத்திரி வராந்தா

அப்போதே ஆம்புலன்ஸில் ஏற்றினேன்; நானும் பின்னாலேயே போனேன். போனவுடன் டயாலிசிஸ் மெஷினில் போட்டார்கள். இதயம் தாங்கவில்லை. சாயங்காலம் போய்விட்டார். நீர் பல நாளாகவே சேர்ந்திருக்கிறது, உங்கள் ஒரு லிட்டர் மட்டும் காரணமில்லை என்று அங்கிருந்த டாக்டர் ஆறுதல் சொன்னார். எனக்கு மனசு ஆறவில்லை.

வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்த மனைவியிடம் போய், தப்பு எங்கள் மேல்தான், குடிக்கச் சொல்லியிருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டேன். நாலு வார்த்தை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வருசமா நான் டம்ளர்ல அளந்து அளந்து குடுத்து, மூணாவது மடக்குல பிடுங்கி வச்சிருவேன் டாக்டரம்மா... நீங்களாவது அவுகள ஆசை தீரக் குடிக்க வச்சீங்களே."

இப்போதெல்லாம் எந்த ஸ்கேன் என்று கேட்ட பிறகுதான் ஜெயா தண்ணீர்ப் பேச்சையே எடுக்கிறாள், வருகிறவர்களும் எங்களைப் பொறுப்பான சென்டர் என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள்.