அக்காவையும் சேர்த்துச் சொல்

அப்பா பசறையில் வாங்கிய காணி, அவர் இறந்த பிறகும் அவர் பெயரிலேயே இருந்தது. அதை என் பெயருக்கு மாற்றுவதற்காக மறுநாள் பதுளையில் முதன்முதலாகச் சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும்.

"பிள்ளைங்க எத்தன பேருன்னு கேப்பாரு. நீ மட்டும்னு சொல்லிடு. இந்தியாவுக்குப் போனவள இழுத்தா வேல முடியாது" என்றார் சித்தப்பா. எனக்கும் அது சரியென்றே பட்டது.

நான் சிறுவனாக இருந்தபோது, கல்யாணமான கையோடு புகுந்த வீட்டாருடன் இலங்கையை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறியவள் அக்கா. பதுளைக்குப் போவதற்கு முந்திய மாலை அவள் போனில் பேசியபோது, சித்தப்பா சொன்னதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"காணிய நீயே வச்சுக்கடா. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போட்டுத் தாரேன். ஆனா அப்பாவுக்கு இப்படி ஒரு மக இருக்கான்னு மட்டும் அந்தச் சட்டத்தரணிகிட்ட சொல்லிரு."



மறுநாள் பதுளை பஸ்ஸில், சட்டத்தரணியிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: "நாங்க ரெண்டு பேருங்க. அக்காதான் மூத்தவங்க."

அவளுக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. சொன்னால் திட்டுவாள்.